கண்ணாடி மலிவு, மண் விலை மிகுதி

சென்ற திங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நம் சங்கப் படிப்பகத்தைப் பூட்டும் நேரத்தில் அம்மையார் ஒருவர் தம் மகனைத் தேடிக்கொண்டு வந்தார். பி.யூ.சி. முதலாண்டு பயிலும் அப்பிள்ளை உள்ளே நூல்களிடையே இல்லை. வெளியே மாடிப்படியில் சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தான். சங்கத்தின் வைஃபை அந்த மூன்றாம் படி வரையில்தான் எட்டும் என்பது அவன் கண்டறிந்த உண்மை. கைப்பேசியில் கணக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்னை மகனைக் கடிந்துகொள்ளவில்லை. நம் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஐயா, பெரிய சாலை வீடுகளுக்கெல்லாம் பைபர் வந்து 6 ஆண்டு ஆகிறது. எங்கள் சந்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. போய்க் கேட்டால், பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் பணம் கொடுக்க மாட்டோமா? வாடகைக் குடி என்பதாலா, வெளியூர்க்காரர் என்பதாலா, ஏன் ஐயா?"

அவ்வேளையில் நம்மால் தக்க விடை கூற இயலவில்லை. வினவியும் படித்தும் சிறிது தெளிந்த பின், இத்திங்கள் இப்பகுதியை அக்கேள்விக்கே ஒதுக்கியுள்ளோம். அடுகோடியின் சந்துகளில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றின் கேள்வியும் அதுவே அன்றோ?

இழையின் கதை

நம் பெற்றோர் காலத்தில் இதே கேள்வி தொலைபேசியைப் பற்றி எழுந்தது. 1948ஆம் ஆண்டில் இந்நகரின் தூரவாணி நகரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. அங்கே நாள்தோறும் தொலைபேசிகளைச் செய்து அடுக்கிய நம்மவருள் பலர், தம் வீட்டுக்கு ஓர் இணைப்பு வேண்டி விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கருவி செய்வது எளிதாயிற்று. அதனை வீடு வரை கொண்டுவரும் வழி அரிதாயிற்று. இன்றைய நிலையும் ஏறத்தாழ அத்தகையதே.

கண்ணாடி இழை என்பது யாது? தலைமயிரளவே பருமன் உடைய தூய கண்ணாடி நூல் அது; ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி ஓடும் பகுதி அதனினும் மிகச் சிறிது. செப்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல் இவ்விழையில் ஒளி ஓடுகின்றது. நம் நாட்டுப் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹரால்டு ஹாப்கின்ஸ் என்பாருடன் ஆய்ந்து, வளைந்த கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பலாம் என்பதை 1954இல் உலகுக்குக் காட்டினார். ஆயினும் அந்நாளைய கண்ணாடியில் ஒளி சிறிது தொலைவிலேயே மங்கி மறைந்தது.

1966இல் சார்லஸ் காவ் என்னும் அறிஞர், குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள மாசில்தான் உள்ளது என்று ஹாக்ஹாமுடன் சேர்ந்து எழுதினார். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே செய்தி அனுப்பப் போதும் என்பது அவர்தம் கணக்கு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அவ்வளவையும் விஞ்சிய இழையைச் செய்து முடித்தனர். இன்றைய இழையிலோ, ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஒளி எஞ்சுகின்றது. காவ் அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. மணலினின்று எடுக்கப்படும் பொருளால் ஆன இழையின் விலையும் தொடக்க நாள்களை நோக்க மிகக் குறைந்துள்ளது.

கண்ணாடி மலிவு, ஒளி இலவசம். அங்ஙனமாயின் நம் சந்துக்கு வருவதற்குத் தடை எது?

பள்ளத்தின் விலை

தடை மண்ணில் இருக்கின்றது. இழை வலையமைப்பை வீடுவரை கொண்டுசெல்லும் செலவில் பெரும்பங்கு இழைக்கன்று. பள்ளம் தோண்டவும், குழாய் பதிக்கவும், மூடவும், உடைத்த சாலையைச் செப்பனிடவும், அனுமதிக் கட்டணம் செலுத்தவுமே ஆகின்றது. இப்பங்கு நூற்றுக்கு 80 வரை செல்லும் என்பது ஐரோப்பிய ஆணையம் கூறிய மதிப்பு. அதனாலேயே, ஒருவர் தோண்டிய பள்ளத்தையும் குழாயையும் பிறரும் பயன்படுத்த வழிசெய்யும் நெறியாணை ஒன்றை 2014இல் அவ்வொன்றியம் இயற்றியது.

பெங்களூருவின் மண்ணோ எளிதில் இடம் கொடுக்கும் மண்ணன்று. நமக்கு அண்மையில் இருக்கும் லால்பாக் குன்றினை அறியாதார் யார்? பிள்ளைகள் சறுக்கி விளையாடும் அப்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு அகவை உடையது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என அறிவிக்கப்பெற்றது. அப்பாறையின் உறவினர் இந்நகரின் அடியில் பல இடங்களில் படுத்துள்ளனர். நெடுந்தூரக் கம்பிகளை 165 சென்டிமீட்டர் ஆழத்தில் பதிக்கவேண்டும் என்பது நம் நாட்டுத் தொலைபேசித் துறையின் பழைய அளவு. அவ்வாழத்துக்குள் பாறை குறுக்கிடின், கடப்பாரை தோற்றுப் பாறை உடைக்கும் எந்திரம் வரவேண்டும், செலவு பன்மடங்காகும்.

பாறை இல்லாத இடத்தில் குழாய்கள் உள்ளன. காவிரிக் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயுக் குழாய், பழைய தொலைபேசிச் செம்பு, முன்னரே வந்த நிறுவனங்களின் இழைகள் எனப் பல பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எது எங்கே உள்ளது என்பதற்கு முழுமையான வரைபடம் கிடைப்பது அரிது. சாலையைப் பிளக்காமல் அடியில் குடைந்து செல்லும் எந்திரம் உண்டு. ஆனால் அதற்குக் கண் இல்லை. குடிநீர்க் குழாயைத் துளைத்துவிட்டால் தெரு முழுவதும் தண்ணீருக்குத் தவிக்கும்.

சிறு கணக்கு ஒன்று

நம் அம்மையாரின் கேள்விக்கு விடை ஓர் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. எண்கள் விளக்கத்துக்காக நாம் கொண்டவை. இடத்துக்கு இடம் மாறுபடும்.

100 மீட்டர் நீளமுள்ள சந்தில் 40 வீடுகள் உள்ளன என்க. ஒரு மீட்டருக்கு எல்லாம் சேர்ந்து 1,000 ரூபாய் எனின், பள்ளத்தின் செலவு 1,00,000 ரூபாய். 40 வீட்டாரும் இணைப்புப் பெற்றால் வீட்டுக்கு 2,500 ரூபாய் விழும். 10 வீட்டார் மட்டும் பெற்றால் 10,000 ரூபாய். இரண்டு நிறுவனங்கள் போட்டியிட்டுத் தனித்தனியே தோண்டி, அந்த 10 வீடுகளை ஐந்து ஐந்தாகப் பங்கிட்டுக்கொண்டால், வீட்டுக்கு 20,000 ரூபாய்.

மாதக் கட்டணம் 500 ரூபாய் என்றும், வரி, ஆட்செலவு, வெளியுலகத் தொடர்புச் செலவு போகப் பள்ளத்தின் முதலை மீட்க 100 ரூபாய் எஞ்சும் என்றும் கொள்வோம். முதல் வகையில் 25 மாதத்தில் முதல் திரும்பும். இரண்டாம் வகையில் 8 ஆண்டுக்கு மேல். மூன்றாம் வகையில் 16 ஆண்டுக்கு மேல்! தோண்டுவதற்கு ஆகும் செலவு நாலு பேருக்கும் ஒன்றே, நாற்பது பேருக்கும் ஒன்றே. இணைபவர் தொகையே அனைத்தையும் முடிவு செய்கின்றது.

இப்பொழுது நம் நிலையை நோக்குவோம். நாம் வாடகைக் குடிகள். இந்நகரில் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதப்படுகின்றது. 12ஆம் மாதம் வாடகை உயர்ந்தால் வேறு தெரு. முதலை மீட்க 25 மாதம் வேண்டும் நிறுவனம், 11 மாதத்தில் போகக்கூடிய குடியை நம்பிச் சந்துக்குள் நுழையத் தயங்குகின்றது. வெளியூரார் என்பதற்காக நம்மை வெறுக்கின்றார் என்று எண்ண வேண்டுவதில்லை. நிலையற்றோர் என்று கணக்கிட்டு ஒதுக்குகின்றார். விளைவு நமக்கு ஒன்றே எனினும், காரணம் அறிந்தால்தானே மருந்து காண இயலும்?

இதற்கு மறுபுறம் ஒரு காட்சி. நம் முன்னோர் மைக்கோ என்று அழைத்த ஆலை 2008 முதல் பாஷ் என்னும் பெயர் தாங்கி, 2022இல் இங்கே அடுகோடியில் புதிய தொழில்நுட்ப வளாகமாக மறுபிறவி எடுத்துள்ளது. இத்தகைய பெருவளாகம் எதற்கும் இழை வரத் தயங்குவதில்லை. ஒரே வாயில், ஒரே ஒப்பந்தம், ஆண்டுக்கணக்கில் நிலைத்த பெருங்கட்டணம். ஒரு பள்ளத்தின் முதல் விரைவில் திரும்பும். சாலையின் எதிர்ப்புறச் சந்திலோ 40 வாயில், 40 மனம், 40 சிறு கட்டணம்.

வீட்டுக்கு வரும் இழை தனித்தன்று என்பதையும் அறிதல் நன்று. நிலையத்தினின்று ஒரே இழை தெருவரை வரும். அங்கே ஒரு சிறு பெட்டியில், மின்சாரமே வேண்டாத பிரிப்பான் ஒன்று அவ்வொளியை 32 கூறாகவோ 64 கூறாகவோ பிரித்து வீடுகளுக்கு அனுப்பும். ஜிபான் எனப்படும் இம்முறையில் விநாடிக்கு 2,488 மெகாபிட் வரும். 32 வீட்டாரும் ஒரே நொடியில் முழுமையாகப் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு ஏறத்தாழ 77 மெகாபிட் கிட்டும். ஆகவே அடுத்த வீட்டார் சேர்வதால் நம் பங்கு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அவர் சேராவிடில்தான் நமக்கு இழப்பு.

வானில் ஒரு குறுக்கு வழி

மண்ணைத் தோண்டப் பணமில்லாதவர் வானத்தை நாடினர். 1990களில் கேபிள் தொலைக்காட்சிக்காரர் மாடிக்கு மாடி கம்பி எறிந்து பழகிய வழியிலேயே இணைய இழையும் வந்தது. மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் கரிய கம்பிகள் கொடிபோல் பின்னிக்கிடப்பதை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கின்றோம். செலவு மிகக் குறைவு. இன்று கேட்டால் நாளை இணைப்பு. இவ்வழி இல்லையேல் நம்மில் பாதிப்பேருக்கு இணைப்பே கிடைத்திராது என்பதையும் நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் மலிவாக வந்தது மலிவாகவே போகின்றது. உயரமான லாரி ஒன்று இழுத்துச் செல்கின்றது, எலி கடிக்கின்றது, குப்பைக்கு வைத்த தீ உருக்குகின்றது. வாரணாசியில் கங்கைக் கரைக் குரங்குகள் இழைக் கம்பிகளைக் கடித்துத் தின்பதாக 2015இல் செய்தி வந்தது. நம் பக்கம் அத்தகைய குரங்குகள் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் தாழ்ந்து தொங்கும் கம்பி பள்ளி செல்லும் பிள்ளையின் கழுத்தளவில் இருப்பதை நாமே கண்டோம். 2024இல், மின்கம்பங்களில் அனுமதியின்றித் தொங்கும் கம்பிகளை அகற்றுமாறு பெஸ்காம் அறிவித்தது. அறிவிப்பு நியாயமானதே. எனினும் அறுக்கப்படும் கம்பியின் மறுமுனையில் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்பதும் நியாயமான கவலையே.

நமக்கு நேர்ந்தது

மண்ணுக்குள் சென்ற இழைக்கு மட்டும் துன்பமில்லையா? சென்ற ஆண்டு நவம்பரில் நம் சங்கத்துக்கே நேர்ந்ததைக் கூறுகின்றோம். ஓய்வூதியம் பெறும் முதியோர் உயிர்வாழ் சான்று அளிக்கும் திங்கள் அது. விரல்ரேகை வைத்து இணையவழி அதனை அளிக்க உதவுவது நம் சங்கத்தின் வழக்கம். 20 முதியோர்க்கு மேல் வரவிருந்த நாளுக்கு முன்தினம், தெருமுனையில் வடிகாலுக்காகத் தோண்டிய எந்திரத்தின் ஒரே வீச்சில் நம் இழை அறுந்தது. தோண்டியவர், "கம்பி இருப்பதாக எமக்கு யாரும் கூறவில்லை" என்றார். கம்பிக்கு உரியவர், "தோண்டப்போவதாக எமக்கு யாரும் கூறவில்லை" என்றார். இருவர் கூற்றும் உண்மையே! 9 நாள் கழித்து இணைப்பு மீண்டது. அதற்குள் முதியோர் பலர் பேருந்து ஏறி வேறிடம் தேடிச் சென்றனர். முழங்கால் நோவுடன் சென்று திரும்பிய ஒரு பெரியவர், "சான்று கொடுத்துவிட்டேன், உயிர்தான் போய்விட்டது" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இணைக்க வந்த இளைஞர் இருவர் இரவு 10 மணிக்குப் பள்ளத்துக்குள் குந்தி வேலை செய்தனர். அறுந்த இரு முனைகளையும் தூய்மை செய்து, நேராக வெட்டி, ஒரு சிறு பொறிக்குள் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டுகின்றனர். முனையில் ஒரு தூசி இருந்தாலும் ஒளி தடைப்படும். சேறும் சாக்கடையும் நிறைந்த பள்ளத்தில் தூசியில்லா வேலை! அவர்களும் நம்மைப் போலவே பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர்கள். தேநீர் கொடுத்தபோது, "இதே தெருவில் மூன்றாம் முறை ஐயா" என்றனர்.

நாடு முழுவதும் இத்தகைய ஒருங்கிணைப்பற்ற தோண்டலால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே கூறியுள்ளது. தோண்டுமுன் அறிவிப்பதற்கென்று ஒரு கைப்பேசிச் செயலியும் 2023 மார்ச்சு 22ஆம் நாள் தொடங்கப்பெற்றது. செயலி நல்லது. எந்திரம் ஓட்டுபவர் அதனைத் திறந்து பார்க்கும் நாள் நம் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

ஊரில் உள்ளோர் நிலை

நம்முள் பலருடைய பெற்றோர் தருமபுரியிலும் கிருட்டிணகிரியிலும் வேலூர் வட்டாரத்திலும் சிற்றூர்களில் உள்ளனர். பேரப்பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் காண அவர்கள் மாடி ஏறி நிற்பதை அறிவோம். மேற்கூறிய கணக்கை அங்கே இட்டுப் பாருங்கள். பெருவழியிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே 60 வீடுள்ள சிற்றூர். மென்மண் ஆதலின் மீட்டருக்கு 300 ரூபாய் என்றாலும் 15 இலட்சம் ஆகும். எல்லா வீட்டாரும் சேர்ந்தால்கூட வீட்டுக்கு 25,000 ரூபாய். மாதம் 100 ரூபாய் வீதம் மீட்க 20 ஆண்டு கடந்துவிடும். எந்த வணிகர் அதற்கு முன்வருவார்?

எனவேதான் அரசு வர வேண்டியதாயிற்று. ஊராட்சிதோறும் இழை கொண்டு செல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. முதலில் மதித்த செலவு ஏறத்தாழ 20,000 கோடி. முதற்கட்டமாக 1 இலட்சம் ஊராட்சிகள் 2017 முடிவில் இணைந்தன. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 1,39,579 கோடி. இவ்வுயர்வு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு: ஊராட்சி அலுவலகம் வரை இழை சென்றால் பணி முடிந்தது என்று கருதியது போதவில்லை. அலுவலகத்திலிருந்து வீடு வரை செல்லும் வழியும், அறுந்தால் மறுவழி தரும் வளைய அமைப்பும், பழுது பார்ப்போர் ஊதியமும் கணக்கில் சேரவேண்டும். திருத்திய திட்டம் அவற்றைச் சேர்த்துக்கொண்டு, 1.5 கோடி ஊர்ப்புற வீடுகளை இணைக்கக் குறி வைத்துள்ளது.

தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. செலவைக் குறைக்கப் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே செல்கின்றது. கேரளத்தில் 2023 சூன் 5ஆம் நாள் கேஃபோன் தொடங்கப்பெற்றது. அதுவும் மின்வாரியத்தின் கம்பங்களையே துணைக்கொண்டது. ஏழைக் குடும்பங்கள் 20 இலட்சத்துக்குக் கட்டணமின்றி இணைப்பு என்பது அதன் நோக்கம். சிற்றூரில் கம்பமே ஏற்றது. நெருங்கிய நகரச் சந்திலோ குழாயே ஏற்றது. இடத்துக்கு ஏற்ற வழி என்பதை மறத்தலாகாது.

ஒரு முறை தோண்டுக

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2008இல் அந்நாட்டு அரசு, இழை பதிக்கும் பணியை ஒரு கூட்டமைப்பிடம் ஒப்படைத்து, 75 கோடி வெள்ளி வரை மானியம் அளித்தது. குழாயும் இழையும் ஒருவர்க்கு. அதன்வழி சேவை விற்போர் பலர். வாடிக்கையாளர் விற்பவரை மாற்றினாலும் சுவரில் உள்ள இழை மாறுவதில்லை. குடி மாறினாலும், அடுத்து வருபவர்க்கு அதே இழை காத்திருக்கின்றது. ஸ்டாக்ஹோம் நகரம் 1994இலேயே இதற்கென நகராட்சி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்து, தன் இழைகளை யாவர்க்கும் வாடகைக்கு விட்டது. சாலை ஒன்று, வண்டிகள் பல என்னும் நெறியே இது. குடிநீருக்கு நிறுவனத்துக்கு ஒரு குழாய் என்று நாம் பதிப்பதில்லையே!

நம் நகரும் இதனை அறியாததன்று. ரெசிடென்சி சாலை, செயிண்ட் மார்க்ஸ் சாலை முதலியவற்றை 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெண்டர்ஷூர் என்னும் முறையில் புதுப்பித்தபோது, நடைபாதைக்கு அடியில் மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வைத்தனர். ஆங்கே புதிய இழை வேண்டின், கல்லைப் பெயர்த்து உள்ளே நுழைத்தால் போதும். அச்சாலைகளுக்கு ஆன செலவு மிகுதி. ஒவ்வொரு சந்துக்கும் அதனைச் செய்ய இயலாது. ஆனால் வடிகாலுக்காகவோ குடிநீருக்காகவோ சந்து ஒன்று எப்படியும் தோண்டப்படும் நாளில், ஓரத்தில் ஒரு வெற்றுக் குழாயைப் போட்டு மூடுவதற்கு ஆகும் செலவு சிறிதன்றோ? மண்ணின் விலையை ஒருவர் முன்னரே கொடுத்துவிட்டார். நாம் கொடுப்பது குழாயின் விலை மட்டுமே.

சட்டமும் ஓரளவு துணை நிற்கின்றது. 2016ஆம் ஆண்டு வழியுரிமை விதிகள், நிலத்தடி இழைக்கான நிருவாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று வரையறுத்தன. சாலையைச் செப்பனிடும் செலவு தனி. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் இயற்றிய புதிய விதிகள் 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளன. விதி இருக்கின்றது, கேட்பாரும் இருக்கவேண்டும்.

நாம் செய்தது

அம்மையாரின் சந்தில் 38 வீடுகள். இரண்டு ஞாயிறுகளில் நம் சங்க இளைஞர் நால்வர் வாயில்தோறும் சென்றனர். தமிழ்க் குடும்பங்களிடம் மட்டுமன்று. கன்னடம் பேசுவோர், உருது பேசுவோர், தெலுங்கு பேசுவோர் என யாவரிடமும் சென்றனர். இழைக்கு மொழி ஏது? 27 வீட்டார் கையெழுத்திட்டனர். பலர் வீட்டில் மூன்று நான்கு கைப்பேசிகளுக்குத் தனித்தனியே திங்கள்தோறும் ஆளுக்கு 300 ரூபாய் அளவில் ரீசார்ஜ் செய்து வருவது அப்போதுதான் கூட்டிப் பார்க்கப்பட்டது. "இத்தனை கொடுத்தும் பிள்ளை மாடிப்படியில் உட்காருகிறானா!" என்றார் ஒரு தந்தை. கைப்பேசிக் கட்டணம் முழுதும் ஒழிந்துவிடாது என்பதையும் நாம் அவருக்குச் சொன்னோம். குறைந்த கட்டணத்துக்கு மாறலாம், அவ்வளவே.

கடினமான வாயில் வேறு. வீட்டு உரிமையாளர் ஒன்பதின்மரில் அறுவர் சுவரில் துளையிட இசைந்தனர், மூவர் மறுத்தனர். "இன்று துளை, நாளை ஒழுகல்" என்றார் ஒருவர். அவர் அச்சமும் பொய்யன்று. மழைநீர் புகாதபடி துளையை அடைத்துத் தருவதும், குடி மாறினாலும் இணைப்பு அடுத்த குடிக்குப் பயன்படுமாறு விட்டுச் செல்வதும் எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தோம். மறுத்தவருள் ஒருவர் இப்போது யோசிப்பதாகக் கூறுகின்றார்.

27 பெயர் கொண்ட தாளைக் கண்டதும், முன்பு "பார்க்கிறோம்" என்று கூறிய நிறுவனத்தின் ஊழியர் மறுநாளே வந்து அளந்து சென்றார். ஆனால் மின்கம்பத்தில் கட்டித் தருவதாகவே சொல்கின்றார். அடுத்த சில திங்களில் அதே சந்தில் வடிகால் பணி வரவிருக்கின்றது என்று அறிந்து, அப்போது ஒரு குழாயையும் உடன் பதிக்க வேண்டும், அக்குழாய் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமையாதல் கூடாது என்று நகர அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்துள்ளோம். ஒருவரிடமே அகப்பட்டுக்கொண்டால் நாளை அவர் வைத்ததே விலை என்பதை மறவாமல் இதனைக் கேட்டோம். மறுமொழி இன்னும் வரவில்லை. காத்திராமல் கம்பத்து இணைப்பை ஏற்பதா, குழாய்க்குக் காத்திருப்பதா என்பதில் சந்து மக்களே இருகூறாக உள்ளனர். தேர்வு நெருங்கும் வீட்டார்க்குக் காத்திருக்க நேரமில்லை. அவர்கள் மீது குறை கூறவும் இயலாது.

ஆகவே, அம்மா, தங்கள் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுவே: தாங்கள் பணம் கொடுக்க மாட்டீர்கள் என்று யாரும் எண்ணவில்லை. தனியாகக் கேட்டீர்கள், மண்ணின் விலை தனி ஒருவருக்குக் கட்டாது. சேர்ந்து கேட்டால் கட்டும். பிற தெருக்களில் உள்ள அன்பர்களும் இதனைச் செய்யலாம். உங்கள் சந்தில் எத்தனை வீடு, எவர் இசைவர், அடுத்துத் தோண்டப்போவது எப்போது என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிறு மாலை 5 மணிக்குப் படிப்பகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் எழுத நம் இளைஞர் உதவுவர்.

விண்ணப்பத்துக்கு மறுமொழி வந்ததா என்பதை அடுத்த இதழில் தெரிவிப்போம். அதுவரையில் அந்தப் பிள்ளைக்காக மாடிப்படியருகே ஒரு பெஞ்சு போட்டுள்ளோம். விளக்கு இரவு 10 மணி வரை எரியும்.